சுவர்ப் பக்கம்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது படுக்கையைத்தான். சாமி படம், டிவி, சமையல்கட்டு எல்லாம் அதற்கப்புறம். விரிப்பில் விழுந்திருக்கும் சுருக்கம், தலையணையில் எண்ணெய் படிந்திருக்கும் இடம், கட்டிலுக்கு அடியில் என்னென்ன தள்ளி வைத்திருக்கிறார்கள், இவ்வளவைப் பார்த்தால் போதும். நோயாளியை நிஜமாகப் பார்த்துக்கொள்வது யார், பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டு திரிவது யார் என்று தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியில் சொல்லக் கூடாது. ஒரு வீட்டில் மருமகளைப் பற்றி வாயைவிட்டு, மறுநாளே என் வேலை போனது. அதிலிருந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடம், அதாவது எண்பத்தொன்பதில், ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆயாவாகச் சேர்ந்தவள் நான். என் வீட்டுக்காரர் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்திருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். ஊசி போடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அங்கே கற்றுக்கொண்டேன். பத்து வருடத்துக்கு மேல் நின்றே வேலை பார்த்ததில் கால் வீங்கிக்கொண்டது. அப்புறம்தான் வீடுகளுக்குப் போய், படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறினேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன். உட்கார நேரம் எங்கே? துடைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, புரட்டுவது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் தலையை நானே வாரிக்கொள்ளக் கூடக் கை எழும்பாது.

அந்த இரண்டு பேரின் வீட்டுக்கு நான் போனது இரண்டாயிரத்து இரண்டில். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிப் பிரியும் ஒரு சந்து. வெள்ளைக்காரர்களுக்கு அறை விடுகிற மாடி வீடுகளுக்கு நடுவில் ஒரு தாழ்ந்த வீடு. கதவைத் திறந்தவர் அரசுப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். அறுபத்தாறு வயது, ஒல்லி, கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப்பு. வீடு அவருடையது. உள்ளே படுத்திருந்தவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்சாக இருந்தவர், எழுபது வயது. தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆறு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், மூன்று வார்த்தைகள்தான் மிச்சம்: "இல்ல", "வா", "ஒழுங்கா".

"இவங்க எங்க அக்கா," என்றார் டீச்சர். "நாங்க ரெண்டு பேருமே கல்யாணம் பண்ணிக்கல. அக்கா இந்த ரூம்ல படுப்பாங்க, நான் ஹால்ல பாய் போட்டுக்குவேன். பகல்ல நீ பாத்துக்கிட்டா போதும்மா."

யார் எங்கே படுப்பார்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அறையில் சுவரை ஒட்டி ஒரே ஒரு இரும்புக் கட்டில். அதன் பக்கத்தில் இன்னொரு கட்டில் போடும் அளவுக்குக் காலி இடம். அங்கிருந்து வாசற்படி வரைக்கும் சிவப்பு சிமெண்ட் தரையில் இரண்டு வெள்ளைக் கீறல்கள், எதையோ தினமும் இழுத்துப் போகிற தடம். தடத்தின் வழியாகவே கண்ணை ஓட்டினேன். ஹால் மூலையில், தையல் மிஷினுக்குப் பின்னால், அதே மாதிரி இன்னொரு இரும்புக் கட்டில் நின்றது. மேலே துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன. சிஸ்டரைத் துடைக்க விரிப்பை உருவினேன். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. இரண்டு ஒற்றை விரிப்புகளை நடுவில் சேர்த்து, தையல் தெரியாமல் தைத்து, பாதியை மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகி வைத்திருந்தார்கள்.

எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. கணவன் மனைவி ஒரு வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தவர்கள் இவர்கள். முப்பத்து மூன்று வருடமாக என்பது பின்னால் தெரிந்தது. அதற்கென்று ஒரு பெயர் இருக்கிறது என்பதெல்லாம் பின்னால் என் சின்ன மகள் காலேஜில் படித்துவிட்டு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல். அருவருப்பு இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் மலமும் மூத்திரமும் அள்ளுகிறவளுக்கு, இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் ஆசையாக இருப்பதில் என்ன அருவருப்பு வேண்டியிருக்கிறது? ஆனால் அறுபத்தாறு வயதில் ஒரு பெண்பிள்ளை தினமும் காலையில் நான் வருவதற்குள், சேர்த்துக் கட்டிய கட்டில்களைப் பிரித்து, ஒன்றை ஹாலுக்கு இழுத்து, அதன் மேல் மூட்டையை அடுக்கி, ஒன்றும் நடக்காதது போல இஞ்சு டேப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். எல்லாம் எனக்குப் பயந்து. என்னைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது என்று கோபம் கோபமாக வந்தது. கோபத்தை விழுங்கிவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

மற்றபடி நல்ல வீடு. சிஸ்டர் படுத்துக்கொண்டே என்னை வேலை வாங்குவார். விரிப்பின் மூலையை நான் ஏனோதானோ என்று செருகினால் இடது கையால் அங்கே காட்டி "ஒழுங்கா" என்பார். கஞ்சி சூடு ஜாஸ்தியானால் "ஒழுங்கா". தலைமுடியைப் பின்னி முடித்தால், பாராட்டாக, அதற்கும் "ஒழுங்கா". டீச்சர் என் முன்னால் "அக்கா, சாப்பிடுங்க அக்கா" என்று கும்பிடாத குறையாகப் பேசுவார். நான் பின்பக்கம் கிணற்றடியில் இருக்கும்போது ஜன்னல் வழியாகக் கேட்கும்: "வாயத் தொறடி. இன்னும் ரெண்டு வாய்தான். மூஞ்சத் திருப்பினா நான் உன்கூடப் பேச மாட்டேன் பாத்துக்க." எந்தத் தங்கச்சி எந்த அக்காவை அப்படிக் கொஞ்சுவாள்? வாளியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

புண் ஆரம்பித்தது மூன்றாவது மாதத்தில். வலது இடுப்பெலும்பு புடைத்திருக்கும் இடத்தில் தோல் சிவந்திருந்தது. அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்கவில்லை, சிவப்பு அப்படியே நின்றது. எங்கள் வேலையில் இதைவிடப் பயப்பட வேண்டியது வேறு இல்லை. படுக்கைப் புண் வந்தால் பார்த்துக்கொள்கிறவளுக்கு அவமானம், படுத்திருக்கிறவருக்கு நரகம். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும்: ஒரு பக்கம், மல்லாக்க, மறு பக்கம். பகலில் நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் புரட்டினேன். சாயங்காலம் நான் கிளம்பும்போது சிவப்பு மங்கியிருக்கும். மறுநாள் காலையில் வந்தால் முந்தின நாளைவிட மோசமாக இருக்கும்.

"ராத்திரி ஒரே பக்கமா படுக்க வெக்கறீங்களா டீச்சர்?"

"தெரியலையேம்மா. நான்தான் ஹால்ல படுத்திருக்கேனே," என்றார். கண் என்னைப் பார்க்கவில்லை.

வலது பக்கம் என்றால் சுவருக்கு எதிர்ப் பக்கம். இரவில் இரண்டாவது கட்டில் வந்து சேரும் பக்கம். சிஸ்டர் ராத்திரி முழுக்க அந்தப் பக்கமே திரும்பிப் படுத்திருக்கிறார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. உணர்ச்சி போன பக்கம் அது, புண் வந்தாலும் அவருக்கு வலி தெரியாது. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர்கள் மறைப்பதை நான் எதற்கு இழுத்துப் போட வேண்டும், எனக்கு இருக்கிற தலைவலி போதாதா என்று இருந்துவிட்டேன். மரியாதைக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அலுப்புதான் காரணம். பத்து நாளில் தோல் கிழிந்து, பழைய ஒரு ரூபாய் அளவுக்குப் புண் ஆகிவிட்டது.

சிஸ்டருக்கு இருந்த ஒரே உறவு அவருடைய அண்ணன் மகன். அடி அண்ணாமலையில் நிலம், கிரிவலப் பாதையில் அவர் மனைவிக்கு ஒரு சின்ன இட்லிக் கடை. மாதா மாதம் பௌர்ணமி அன்று காலையில் கடைக்குச் சாமான் வாங்க டவுனுக்கு வருவார், அப்படியே அத்தையையும் பார்த்துவிட்டுப் போவார். நாற்பது வயதிருக்கும், கெட்டவர் இல்லை. வரும்போதெல்லாம் அத்தைக்குப் பிடிக்கும் என்று மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொண்டுவருவார். இனி சிஸ்டரால் மெல்ல முடியாது என்பது அவருக்கு ஞாபகமே இருக்காது. டீச்சர் அதைப் பொடித்துக் கஞ்சியில் போடுவார்.

அந்தப் பௌர்ணமிக்கு அவர் வந்தபோது நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். புண்ணைப் பார்த்துவிட்டார்.

"இது எப்படி வந்தது?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரே பக்கமா படுத்துனு இருந்தா வரும்ங்க," என்றேன். வேறு என்ன சொல்வது?

"பகல்ல நீங்க இருக்கீங்க. ராத்திரி?" டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க ஹால்ல படுக்கறீங்க. அவங்க உள்ள தனியா. கையும் வராது, வாயும் வராது. கூப்பிடக்கூட முடியாது அவங்களால. இன்னா டீச்சர் இது? தெருவுல அக்கான்னு சொல்லிக்கறீங்க. எங்க அத்தைக்குத் தங்கச்சியே கிடையாது, எனக்குத் தெரியும். வேலைக்குன்னு இந்த ஊருக்கு வந்தீங்க, ஒண்ணா இருந்தீங்க, சரி. ஆனா இப்ப உங்களால முடியலன்னா சொல்லிடணும் இல்ல?"

டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில்தான் படுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்வதைவிட, கவனிக்காமல் விட்டவள் என்ற பழியை வாங்கிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. "என் தப்புதான்பா," என்றார். இஞ்சு டேப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

"அடுத்த பௌர்ணமி வரைக்கும் பாக்கறேன். ஆறலைன்னா வண்டி வெச்சு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்," என்றார்.

"இல்ல," என்றார் சிஸ்டர்.

"சரி அத்த, வெறும் புண்ணுக்குத்தான் சொல்றேன்."

"இல்ல. இல்ல."

தண்ணீர் வேண்டுமா என்றாலும் "இல்ல", விசிறட்டுமா என்றாலும் "இல்ல" என்று சொல்கிறவர் என்பதால் அண்ணன் மகன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மல்லாட்டைப் பையை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

மதியம் சிஸ்டர் தூங்கிய பிறகு டீச்சர் மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நான்கு தடவை முயற்சி செய்தும் நூல் போகவில்லை. நான் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"டீச்சர், தரையில கீறல் இருக்கு," என்றேன்.

நூலை விட்டுவிட்டார்.

"ரெண்டு கட்டிலும் ராத்திரி ஒண்ணா இருக்குன்னு எனக்குத் தெரியும். முதல் நாள்லேர்ந்து தெரியும். அது உங்க வீட்டு விஷயம், எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா சிஸ்டர் ராவெல்லாம் உங்க பக்கமே படுத்திருக்காங்க. அதனாலதான் புண்ணு. நீங்க உண்மையச் சொன்னாத்தான் நான் வைத்தியம் பண்ண முடியும்."

அவர் முகம் செத்துப்போனது மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் சிவந்தது. எழுந்து நின்று, "நீ நாளையிலேர்ந்து வராத," என்றார். "வேவு பாக்கவா உன்ன வேலைக்கு வெச்சேன்? போ. இப்பவே போ."

போனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன். பாதி வழியில் அழுகை வந்தது. அவருக்காக இல்லை, எனக்காக. என் வீட்டுக்காரர் பதினாறு வருடம் எனக்கு முதுகைக் காட்டியே படுத்தவர். நான் எந்தப் பக்கம் படுத்தேன், தூங்கினேனா இல்லையா என்று அந்த மனுஷனுக்கு ஒரு நாளும் தெரியாது. இங்கே ஒருத்தி பேச்சும் கையும் போன பிறகும் அந்தப் பக்கம்தான் திரும்புவேன் என்று புண் வரும் வரைக்கும் படுத்திருக்கிறாள். அதை மறைக்க இன்னொருத்தி இடுப்பொடியக் கட்டில் இழுக்கிறாள். பொறாமைதான், வேறென்ன.

மறுநாள் கட்டு மாற்ற வேண்டிய நாள். வராதே என்றவர் வீட்டுக்கு எதற்குப் போகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. அறைக்குள் இரண்டு கட்டிலும் ஒட்டிப் போட்டபடியே இருந்தன. கட்டில் கால்களைக் கிழிந்த சேலைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் காபியைக் கொண்டுவந்து வைத்தார்.

"புரட்டிப் போடாம இல்ல," என்றார் அப்புறம். "அலாரம் வெச்சு எந்திரிப்பேன். ஆனா இடது பக்கம் திருப்பினா சுவரு. சுவத்தப் பாத்தா அழறா. சத்தம் போடாம அழறா. என்னால பாக்க முடியல. மறுபடி என் பக்கமே திருப்பிடறேன்."

அவ்வளவுதான் விஷயம். இத்தனை நாளாக என் தலையைக் குடைந்துகொண்டிருந்தது இந்த ஒரு சுவர். கட்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுப் பார்க்கலாம் என்றால் அறை சின்னது, பீரோ வேறு. காபியைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது. கட்டில் எதற்கு மாற வேண்டும்? ஆட்கள் இடம் மாறினால் போதாதா? முதலில் சிஸ்டர் சுவர்ப் பக்கக் கட்டிலில், டீச்சர் வெளிக் கட்டிலில். நடு ராத்திரி அலாரத்துக்கு எழுந்திருக்கும்போது சிஸ்டரை வெளிக் கட்டிலுக்கு நகர்த்திவிட்டு, டீச்சர் போய்ச் சுவர்ப் பக்கம் படுத்துக்கொள்ள வேண்டும். இப்போது சிஸ்டர் டீச்சரைப் பார்க்க வேண்டுமென்றால் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும்.

"தூக்கறது எப்படி?" என்றார் டீச்சர்.

"தூக்க வேணாம். ஆஸ்பத்திரியில டிரா ஷீட்டுன்னு ஒண்ணு போடுவோம். அடியில துணியப் போட்டு, துணியோட இழுக்கறது. சிஸ்டரக் கேளுங்க, அவங்க எத்தன பேர இழுத்திருப்பாங்க."

சிஸ்டரின் கண் இரண்டு பேர் முகத்திலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் பீரோவிலிருந்து கனத்த காடாத் துணி எடுத்து வந்தார். இரண்டாக மடித்து, இரண்டு ஓரத்திலும் மும்மூன்று கைப்பிடி வைத்துத் தைத்தார், பள்ளிக்கூடப் பைக்கு வைக்கிற பட்டையில். ஒவ்வொரு கைப்பிடிக்கும் பெருக்கல் குறி மாதிரி நாலு தரம் தையல் ஓடவிட்டார். நூல் இப்போது முதல் தடவையிலேயே கோத்தது. இரண்டு மெத்தைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் பழைய சேலைகளைச் சுருட்டி அடைத்தோம். அன்று மதியமே துணியைப் போட்டு இழுத்துக் காட்டினேன். சிஸ்டர் வழுக்கிக்கொண்டு வெளிக் கட்டிலுக்குப் போனார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே, என் கண் முன்னால் சுவர்ப் பக்கம் ஏறிப் படுத்தார். சிஸ்டர் இடது பக்கமாகத் தலையைத் திருப்பினார். இடது கை எழும்பி டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஒழுங்கா," என்றார்.

நான் துணி காயப்போடப் பின்பக்கம் போய்விட்டேன். அங்கே துணி எதுவும் இல்லை.

நாலு வாரம். காலையும் மாலையும் புண்ணைக் கழுவி மருந்து வைத்தேன். முட்டை, பருப்பு, மல்லாட்டைக் கஞ்சி. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் தினமும் காலையில் இஞ்சு டேப்பால் புண்ணை அளந்தார், துணியை அளக்கிற மாதிரி. இரண்டாவது வாரம் ஓரத்தில் ரோஸ் நிறம் தட்டியது. மூன்றாவது வாரம் அரை இஞ்சு குறைந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அந்த ஒரு மாதமும் வேறு பேச்சே இல்லை. ஆறாவிட்டால் சிஸ்டரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே நல்ல சோறு போடுவார்கள், சந்தேகமில்லை. ஒரு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுக்க வைப்பார்கள்.

பௌர்ணமி அன்று காலை செங்கம் ரோட்டில் ஆட்டோவை விடவில்லை. கிரிவலக் கூட்டத்தோடு இடிபட்டுக்கொண்டு நடந்து, வீடு போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. டீச்சர் கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டு உட்கார்ந்து துணி முடிச்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வா. ஒரு கை பிடி. அவன் வர்றதுக்குள்ள இத ஹாலுக்கு இழுத்துடலாம்."

சிஸ்டர் "இல்ல" என்றார்.

"எனக்கு இடுப்பு வலி டீச்சர். இன்னிக்கு என்னால எதையும் இழுக்க முடியாது," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுபது கிலோ ஆளை ஒற்றைக் கையால் புரட்டுகிறவள் நான் என்று அவருக்குத் தெரியும். மறுபடி குனிந்து முடிச்சோடு போராடினார். ஒரு மாதமாக இழுபட்டு இழுபட்டு முடிச்சு இறுகிப்போயிருந்தது. அதற்குள் வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது.

அண்ணன் மகன் உள்ளே வந்து நின்றார். கட்டிய கட்டில்களைப் பார்த்தார். ஒரே விரிப்பை, இரண்டு தலையணையைப் பார்த்தார். நான் சிஸ்டரின் புண்கட்டைப் பிரித்து இடுப்பைக் காட்டினேன். நகத்தளவு பொருக்கைத் தவிர மற்றதெல்லாம் புதுத் தோல். குனிந்து, விரலால் தொடாமல், ரொம்ப நேரம் பார்த்தார்.

"ராத்திரி யாரு புரட்டறது?"

டீச்சர் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்தபடியே சொன்னார்: "நான்தான். பக்கத்துலதான் படுக்கறேன். எப்பவும் இங்கதான் படுப்பேன்."

"அப்போ ஹால்லன்னு ஏன் சொன்னீங்க?"

தெருவில் போகிறவர்களின் அரோகரா சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. சிஸ்டர் இடது கையைத் தூக்கி, விசிட்டர் நேரம் முடிந்த பிறகும் நிற்கிறவனை விரட்டுகிற தோரணையில் அவரை நோக்கி நீட்டினார். "ஒழுங்கா," என்றார்.

அவர் தலையைச் சொறிந்தார். மேலே நிமிர்ந்து பார்த்தார். "ஃபேன் காத்து இந்தக் கட்டிலுக்கு மட்டும்தான் வருது," என்றார். மல்லாட்டைப் பையை ஜன்னலில் வைத்தார். கிளம்பிவிட்டார். அவருக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. மறு வாரம் எலக்ட்ரிக் கடையிலிருந்து ஒரு ஆள் வந்து ஃபேன் கொக்கியை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டிப் பேச்சு அதோடு நின்றது.

சிஸ்டர் அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தார். ஒரு மார்கழியில் நெஞ்சுச் சளி கட்டி, மூன்றே நாளில் போய்விட்டார். நான்தான் கடைசியாகக் குளிப்பாட்டினேன். உடம்பில் எங்கும் ஒரு புண் இல்லை. காரியத்தை எல்லாம் அண்ணன் மகன் செய்தார். புருஷன் போனால் பிறந்த வீட்டுக்காரர்கள் வந்து கோடிச் சேலை போடுவார்கள், கட்டிக்கொண்டு அழுவார்கள். டீச்சருக்கு அப்படிப் போட யாரும் இல்லை. யார் இவர் என்று கேட்ட பெண்களிடம் "அத்தை கூட இருந்தவங்க" என்றார் அண்ணன் மகன். டீச்சர் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த வீடு, அடுத்த படுக்கை என்று போய்விட்டேன்.

மூன்று வருடம் கழித்து அண்ணன் மகன் போன் செய்தார். "டீச்சர் பாத்ரூம்ல விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்காங்க. எங்க வீட்டுக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேங்கறாங்க. ராத்திரிக்கு எங்க வீட்டுக்காரம்மா வந்து ஹால்ல படுத்துக்கறாங்க. பகலுக்கு நீங்கதான் வரணும்னு டீச்சரே சொன்னாங்க."

எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. முட்டி இரண்டும் மக்கர். வேலையை விட்டுவிடு என்று மகள்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். போனேன்.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் படுக்கையைப் பார்த்தேன். இரண்டு கட்டிலும் அதே சேலைத் துணியால் கட்டியபடியே இருந்தன. டீச்சர் வெளிக் கட்டிலில், சுவர்ப் பக்கத்துக் காலி மெத்தையைப் பார்த்து இடது பக்கமாகப் படுத்திருந்தார். அங்கே ஒரு தலையணை, உறை மாற்றிப் போட்டது. புடவையை விலக்கி இடுப்பைப் பார்த்தேன். சிவந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன், சிவப்பு அப்படியே நின்றது.

"எத்தன நாளா டீச்சர் இப்படியே படுத்துனு இருக்கீங்க? அந்தப் பக்கம் திரும்பலாம்னு டாக்டர்தான் சொல்லிட்டாரே."

"அந்தப் பக்கம் யாரு இருக்கா?" என்றார்.

எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. இந்தப் பக்கம் மட்டும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பீரோவைத் திறந்தேன். நாலாவது தட்டில், அந்துருண்டை வாசனையோடு, காடாத் துணி மடித்து இருந்தது. ஆறு கைப்பிடியும் உறுதியாக இருந்தன. அதை அவருக்கு அடியில் போட்டு, சுவர்ப் பக்கக் கட்டிலில் ஏறி முட்டி போட்டு, கைப்பிடியைப் பற்றி இழுத்தேன். கனமே இல்லாத உடம்புதான், ஆனால் என்னிடம் பழைய தெம்பு இல்லை. மூன்று தரம் இழுத்துத்தான் அவர் சுவர்ப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். தலையணையை எடுத்து, இப்போது காலியான வெளிக் கட்டிலில், அவருக்கு வலது பக்கமாக வைத்தேன்.

அவர் வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தார். கையை நீட்டிக் காலி மெத்தையின் மேல் வைத்துக்கொண்டார். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இடுப்பு வலியா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"இன்னிக்கு நெஜமாவே வலிக்குது டீச்சர்," என்றேன்.

அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. அப்போது மணி பதினொன்று. ஒரு மணிக்கு மறுபடி இடம் மாற்ற வேண்டும்.